விலைக்கு வரும் பழைய பண்ணை வீடு

1919 ஜூலை 1. தென் இங்கிலாந்தில் லூயிஸ் நகரத்து வைட் ஹார்ட் விடுதியில் ஒரு ஏலம். ராட்மெல் கிராமத்தில் வெளிச்சுவரில் மரப்பலகை அடித்த பழைய வீடு ஒன்று, முக்கால் ஏக்கர் தோட்டத்தோடு. 700 பவுண்டுக்கு அதை எடுத்தவர்கள் எழுத்தாளர்களான லெனர்ட் வுல்ஃப், வர்ஜீனியா வுல்ஃப் தம்பதி. லெனர்ட் முன்பு யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பழகி, அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஆவணமும் எல்லைத் தகராறும் புதிதல்ல. அப்படிப்பட்டவர் வீட்டில்கூட வீடு வாங்கும் முடிவை எடுத்தது தோட்டம்தான்.

வர்ஜீனியா வீட்டைப் பார்க்கப் போகும்போது உஷாராகத்தான் போனார். அறைகள் சின்னவை, சமையலறை மோசம், வெந்நீர் கிடையாது, குளியலறை கிடையாது, கழிப்பறையை யாரும் காட்டவேயில்லை என்று குறைகளை ஒவ்வொன்றாக மனதில் எண்ணிக்கொண்டார். தோட்டத்தின் பரப்பையும் வளத்தையும் கண்டதும் அத்தனையும் மறந்துபோயிற்று. தன் நாட்குறிப்பில் அவரே இதை எழுதிவைத்திருக்கிறார். குளியலறையும் தண்ணீர்க் கழிப்பறையும் வந்தது 1926-இல், புத்தகம் விற்ற பணத்தில்.

வீடு விற்கும் ஏஜென்ட்கள் இன்றும் இதை நம்பித்தான் பிழைப்பு நடத்துகிறார்கள். கென்ட், சசெக்ஸ், சாமர்செட், டெவன் பக்கத்துப் பண்ணை வீட்டு விளம்பரங்களைப் புரட்டினால் எப்போதும் ஜூன் மாதம்தான். வாசலில் விஸ்டீரியா கொத்துக் கொத்தாகத் தொங்கும், புல் அன்று காலைதான் வெட்டப்பட்டிருக்கும், ஆப்பிள் மரத்தடியில் இரண்டு நாற்காலி காத்திருக்கும். அதே புல்வெளி பிப்ரவரியில் கணுக்கால் ஆழச் சேறாகக் கிடப்பதை எந்தக் கேமராவும் எடுப்பதில்லை. ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ இருபது வருஷம் நெருக்கடியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு கிராமத்துப் பக்கம் ஒதுங்க நினைக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு அந்தப் படம் போதும், மனம் பாதி விழுந்துவிடும்.

ஆகவே இந்த அத்தியாயம் தலைகீழாகப் போகிறது. சமையலறையும் கணப்பும் இருக்கட்டும். முதலில் கழிவுநீர் எங்கே போகிறது, பிறகு நிலத்தின்மேல் யார் யாருக்கு என்ன உரிமை, பிறகு தோட்டம், அதற்குப் பிறகே சுவரும் கூரையும். சட்டம், வரி பற்றிச் சொல்பவை இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் வீடு கைமாறும் முறையே வேறு. வேல்ஸில் வரி வேறு.

மூடிக்குக் கீழே

ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் பண்ணை வீடுகளில் பல, பொதுச் சாக்கடையோடு இணைந்தவை அல்ல. தோட்டத்தின் ஓரத்தில் எங்கோ ஒரு செப்டிக் டேங்க் புதைந்திருக்கும். அது எங்கே என்று விற்பவரிடம் கேட்டால் கையை வீசி, அந்தப் பக்கம் என்பார். அந்தப் பக்கம் போதாது. மூடியைத் திறக்கச் சொல்ல வேண்டும்; வழிந்துபோகும் குழாய் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல், செப்டிக் டேங்கின் நீரை நேராக ஓடையிலோ வாய்க்காலிலோ விடுவதற்கு அனுமதி இல்லை. மண்ணுக்கடியில் துளைக் குழாய்களைப் பரப்பி ஊறவிட வேண்டும், இல்லாவிட்டால் முறையான சுத்திகரிப்பு அமைப்பு வைக்க வேண்டும். செலவு ஆயிரக்கணக்கான பவுண்டு. இதை விற்பவர் செய்துகொடுப்பாரா, விலையில் கழிப்பாரா என்பது பேரத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால் வடிகால் ஆய்வாளர்கள் கழிப்பறையில் சாயத்தைக் கொட்டித் தண்ணீரை இழுத்துவிடுவார்கள். பிறகு ஓடைக்கரையில் போய் நிற்பார்கள். ஓடை பச்சையாகவோ சிவப்பாகவோ நிறம் மாறினால் சங்கதி முடிந்தது. கோடையில் மற்ற புல் காய்ந்திருக்க, ஒரு திட்டு மட்டும் செழிப்பாக நின்றால் அதுவும் ஒரு துப்பு. இன்னொரு தொல்லை: பண்ணை துண்டு துண்டாக விற்கப்பட்ட இடங்களில் டேங்க் இந்த வீட்டிலும் ஊறும் குழாய்கள் பக்கத்து விவசாயியின் வயலிலும் இருக்கும். அங்கே போய்ப் பழுது பார்க்கும் உரிமை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா?

தண்ணீர் கிணற்றிலிருந்தோ ஊற்றிலிருந்தோ வந்தால், நாளுக்கு 20 கன மீட்டர் வரை எடுக்க லைசென்ஸ் தேவையில்லை. ஒரு வீட்டுக்கு அது தாராளம். நைட்ரேட், கிருமிகள், பழைய குழாயிலிருந்து கரையும் ஈயம் ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்த சமீபத்திய தாள் கையில் இருக்க வேண்டும். டார்செட், ஹாம்ப்ஷயர் போன்ற சுண்ணாம்புக்கல் பகுதிகளில் குளிர்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைகள் உண்டு. வின்டர்போர்ன் என்பது அவற்றின் பெயர். ஆகஸ்டில் வீடு பார்க்கப் போனவர், காய்ந்த பள்ளத்தில் காட்டுப்பூ பார்த்து ரசித்துவிட்டு வருவார். ஜனவரியில் அந்தப் பள்ளம் பின்வாசல் வரை வந்துவிடும். வெள்ள வரைபடங்களை அரசு இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அதையும் பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் ஒருமுறை நேரிலும் போவது நல்லது.

குழாய் எரிவாயு அநேகமாக இருக்காது. எண்ணெய் டேங்க்தான். அதன் வயதையும் துருவையும் பார்த்தால் போதும்.

நிலத்தில் ஒட்டிய வில்லங்கம்

வார்விக்ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்று ஒரு கிராமம். அங்கே கிளீப் பண்ணை என்ற பழைய பண்ணை வீடும் நிலமும் ஒரு தம்பதிக்குப் பரம்பரைச் சொத்தாக வந்தது. 1990-களில் ஊர்ச் சர்ச் நிர்வாகத்திடமிருந்து நோட்டீஸ்: சர்ச்சின் பீடப் பகுதியைப் பழுது பார்க்க 95,000 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டும். காரணம், 18-ஆம் நூற்றாண்டில் பொது நிலங்களை அடைத்துப் பங்கிட்டபோது அந்தப் பண்ணையின் வயல் ஒன்றோடு இந்தக் கடமையும் ஒட்டிக்கொண்டது. தம்பதி வழக்காடினார்கள். 2003-இல் பிரபுக்கள் சபை சர்ச் பக்கமே தீர்ப்புச் சொன்னது. பழுதுச் செலவு கடைசியில் 1,86,000 பவுண்டைத் தாண்டியது; வக்கீல் செலவு தனி. இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பு யாரோ போட்ட கையெழுத்து.

இதற்குப் பிறகு சட்டம் கொஞ்சம் இறங்கிவந்தது. 2013 அக்டோபர் 13-க்குள் நிலப் பதிவேட்டில் ஏற்றப்படாத இந்த வகை உரிமை, பதிவான நிலத்தை அதன்பிறகு விலைகொடுத்து வாங்குபவரைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சொலிசிட்டர்கள் இன்றும் ஒரு சின்னத் தேடல் போட்டுப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஒருமுறை கட்டும் இன்சூரன்ஸ் எடுத்துவிடுகிறார்கள். சில பத்துப் பவுண்டில் முடியும் காரியம். இதில் கஞ்சத்தனம் காட்டுபவரைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

அன்றாடம் வரும் வில்லங்கங்கள் இவ்வளவு நாடகமானவை அல்ல. பொது நடைபாதை முதலாவது. கவுண்டி கவுன்சில் வைத்திருக்கும் வரைபடத்தில் ஒரு கோடு ரோஜாத் தோட்டத்தின் நடுவே போனால், யார் வேண்டுமானாலும் நாயைப் பிடித்துக்கொண்டு சமையலறை ஜன்னலை ஒட்டி நடந்து போகலாம். பூட்டுப் போட முடியாது, செடி வளர்த்து மறைக்கவும் முடியாது. பாதையைத் திருப்ப விண்ணப்பிக்கலாம். வருஷக்கணக்கில் இழுக்கும், கிடைக்காமலும் போகும். அடுத்தது வண்டித் தடம். சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் அரை மைல் தடம் பக்கத்துப் பண்ணைக்குச் சொந்தமாக இருந்தால், அதில் போக உரிமை உண்டா, குழி விழுந்தால் யார் ஜல்லி கொட்டுவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் முப்பது வருஷம் சுமுகமாக ஓடிய ஏற்பாடு, புது ஆள் வந்ததும் முறியும்.

வேட்டை உரிமையையோ கனிம உரிமையையோ பழைய எஸ்டேட் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கலாம். ஓவரேஜ் என்றொரு ஷரத்தும் இப்போது அடிக்கடி வருகிறது: பிற்காலத்தில் தோட்டத்திலோ வயலிலோ வீடு கட்ட அனுமதி கிடைத்து நிலம் விலை ஏறினால், அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு பழைய உரிமையாளருக்குப் போகும். இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு அது நிலத்தைத் தொடரும். அனுமதி வாங்கும் எண்ணமே இல்லாதவருக்கு இதனால் நஷ்டமில்லை. ஆனால் வங்கி முகம் சுளிக்கும்.

வேலிக்கு வெளியே நிற்கும் கொட்டகையையும் கவனிக்க வேண்டும். விவசாயக் கொட்டகைகளை முழு அனுமதி இல்லாமலே குடியிருப்பாக மாற்ற 2014 முதல் வழி இருக்கிறது. இன்று வைக்கோல் அடுக்கியிருக்கும் தகரக் கொட்டகை நாளை நாலைந்து வீடுகளாகி, அதற்கேற்ற கார்களும் வரலாம். வுல்ஃப் தம்பதி இதை அந்தக் காலத்திலேயே ஊகித்தார்கள். 1928-இல் தோட்டத்தை ஒட்டிய வயலை வாங்கிப் போட்டார்கள், வேறு யாரும் அங்கே கட்டி ஆற்றுச் சமவெளியின் காட்சியை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக.

தோட்டம் எது, வயல் எது

விளம்பரத்தில் நாலு ஏக்கர் தோட்டமும் நிலமும் என்று போட்டிருக்கும். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. வீட்டோடு சேர்ந்த தோட்டம் வேறு. விவசாய நிலம் வேறு. குதிரை மேய்ந்த வயலில் புல்லைச் சீராக வெட்டி, பூப்பாத்தி போட்டு, பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் நட்டால் அது நிலப் பயன்பாட்டை மாற்றுவது. அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். பல வீடுகளில் முந்தைய உரிமையாளர் வேலியைச் சத்தமில்லாமல் பத்தடி, இருபதடி தள்ளிவைத்திருப்பார். பத்து வருஷம் தொடர்ந்து தோட்டமாகவே இருந்ததை நிரூபித்தால் கவுன்சில் பொதுவாக நடவடிக்கை எடுக்க முடியாது. நிரூபிக்க வேண்டியது வாங்கியவர். பழைய வான்படங்கள் இதற்கு உதவும். விற்பவரே சட்டபூர்வச் சான்றிதழ் வாங்கித் தந்தால் இன்னும் நிம்மதி.

நாளை விற்கும்போது இந்தக் கோடு பணமாகவும் திரும்பி வரும். குடியிருந்த வீட்டை விற்கும்போது மூலதன லாபத்துக்கு வரிவிலக்கு உண்டு. தோட்டத்துக்கு அந்த விலக்கு, வீடு நிற்கும் இடத்தையும் சேர்த்து, அரை ஹெக்டேர் வரை. சுமார் ஒன்றேகால் ஏக்கர். வீட்டின் அளவுக்கும் தன்மைக்கும் அதிகம் தேவை என்று காட்டினால் கூடுதல் பரப்பும் கிடைக்கலாம், ஆனால் வாதாட வேண்டும்.

கோடு தெளிவானபின் மண்ணைப் பார்க்கலாம். இதற்கு ஒரு வீட்டின் கதை உதவும். சாமர்செட்டில் ஈஸ்ட் லாம்புரூக் மேனர் என்று பெயர் பெரிதாக இருந்தாலும், உண்மையில் தேன் நிறக் கல்லில் கட்டிய அடக்கமான பழைய வீடு. 1937-இல் அதைப் பார்க்க வந்த வால்டர் ஃபிஷ், டெய்லி மெயில் பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர், கூடத்தைத் தாண்டவில்லை. மரம் தின்னும் பூஞ்சை பிடித்த வீடு, எந்த விலைக்கும் வேண்டாம் என்று திரும்பிவிட்டார். அவரும் மனைவி மார்ஜரியும் ஊரெல்லாம் தேடி அலைந்து, சில மாதம் கழித்து அதே வீட்டுக்கு வந்து வாங்கினார்கள். சுற்றியிருந்தது தோட்டமே அல்ல, குப்பையும் புதரும்.

அங்கே கணவனுக்கும் மனைவிக்கும் நடந்த வாக்குவாதம் பெரிய தோட்டம் வாங்கும் எல்லோருக்கும் பாடம். மார்ஜரிக்குச் செடிமேல் ஆசை. வால்டரோ முதலில் வண்டிப் பாதை, நடைபாதை, புல்தரை, வேலி, சுவர் என்று பிடிவாதம் பிடித்தார், செடி பிறகு. பூப்பூக்காத மாதங்களிலும் தோட்டம் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மார்ஜரி மனமில்லாமல் சம்மதித்தார். 1956-இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்தில் கணவரைக் கிண்டல் செய்துகொண்டே அவர் சொன்னது சரி என்றும் ஒப்புக்கொள்கிறார். வால்டர் இறந்த பிறகு மார்ஜரி கற்சுவர் இடுக்கிலும் மர நிழலிலும் நட்ட பனித்துளிப் பூவும் ஜெரானியமும்தான் அந்த இடத்துக்குப் பேர் வாங்கித் தந்தன. அந்தத் தோட்டம் இன்று தேசியப் பதிவேட்டில் முதல் தரத்தில் இருக்கிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால், விலைக்கு வரும் தோட்டத்தில் மதிப்புள்ளது பூ அல்ல. வரப்போகும் வருஷங்களில் கைக்காசைத் தின்னப்போவது சுவர், படி, வேலி, பெரிய மரம் ஆகியவை. செங்கல் மதில் சாய்ந்திருக்கிறதா, அதன் பூச்சு உதிர்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. நூறு வருஷ மதிலைப் பிரித்துக் கட்டுவது ஒரு சமையலறையைப் புதுப்பிக்கும் செலவுக்குச் சமமாகிவிடும். பெரிய மரங்களுக்குப் பாதுகாப்பு ஆணை இருக்கிறதா என்று கவுன்சிலில் கேட்கலாம். இருந்தால் கிளையை வெட்டக்கூட அனுமதி வேண்டும். பள்ளத்தில் இருக்கும் தோட்டத்தில் குளிர்ந்த காற்று இறங்கித் தேங்கும். மேட்டில் ஏப்ரலோடு விடும் உறைபனி அங்கே மே மாதக் கடைசி வரை ஆப்பிள் பூவைக் கருக்கும். அக்கம்பக்கத்தில் ரோடோடென்ட்ரான் செழித்திருந்தால் மண்ணில் புளிப்புத்தன்மை. அது இல்லவே இல்லாமல் லாவெண்டரும் கிளெமாட்டிஸும் நன்றாக வந்திருந்தால் அநேகமாகச் சுண்ணாம்பு மண். கறிவேப்பிலை, முருங்கை நட இடம் தேடுபவர் எந்த மண்ணிலும் ஏமாறுவார். கண்ணாடி வீட்டுக்கு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேலையாள் இல்லாமல் இரண்டு ஏக்கரைப் பூந்தோட்டமாக வைத்துக்கொள்வது முழுநேர உத்தியோகம். ஒரு பகுதியை நீள்புல் வெளியாக விட்டு வருஷத்தில் ஓரிரு முறை வெட்டுவது பலர் கண்டுபிடித்த வழி. சசெக்ஸில் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தில் லாயிட் குடும்பம் அதை அழகாகவே செய்து காட்டியது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களைத் தெரிந்துகொள்ள இன்னொரு வழி, தனியார் தோட்டங்களைத் தருமத்துக்காகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் தேசியத் தோட்டத் திட்டம். 1927-இல் தொடங்கிய முதல் வருஷமே 609 தோட்டங்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கி 8,191 பவுண்டு சேர்த்தன. வாங்க நினைக்கும் ஊரில் எந்தத் தோட்டம் திறக்கிறது என்று பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், அந்த மண்ணில் எது வரும், எது வராது என்பதைத் தேநீரும் கேக்கும் விலைக்குத் தெரிந்துகொள்ளலாம்.

சுவர், மரம், கூரை

இப்போது உள்ளே போகலாம். முதலில் பரணுக்கு.

கையில் ஒரு டார்ச் போதும். கென்ட், சசெக்ஸ் பகுதியில் 15-ஆம் நூற்றாண்டு விவசாயி கட்டிய வீட்டில் நடுக்கூடம் கூரை வரை திறந்திருந்தது. தரையில் நெருப்பு, புகைபோக்கி கிடையாது. புகை கூரை வழியாகத் தானாகவே கசிந்து போனது. பிற்பாடு, 16-ஆம் நூற்றாண்டிலோ அதற்கடுத்தோ, செங்கல் புகைபோக்கியும் மாடியும் நடுவில் நுழைந்தன. பரணில் டார்ச் அடிக்கும்போது கூரை மரங்கள் கரி பூசியதுபோல் இருந்தால், அது அந்தத் திறந்த நெருப்பின் மிச்சம். விரலை வைத்துத் தேய்த்தால் இன்றும் கறுப்பு ஒட்டும். முன்பக்கம் பளிச்சென்று செங்கல் முகப்பு இருந்தாலும் ஏமாற வேண்டாம். பழைய மரவீட்டுக்குப் பிற்காலத்தில் புது முகம் போட்டது சகஜம், சசெக்ஸிலும் கென்டிலும் அது செங்கல்கூட அல்ல, செங்கல்போலத் தெரியும் ஓடாக இருக்கலாம்.

பரணில் இன்னும் இரண்டு சங்கதி. சின்ன எலிப் புழுக்கைபோலக் கிடந்து, தொட்டால் பொடியாக உதிர்வது வௌவால் எச்சம். வௌவால்களுக்கு 1981-ஆம் வருஷச் சட்டத்திலிருந்து பாதுகாப்பு. அவை இல்லாத நேரத்திலும் தங்குமிடத்தைக் கலைப்பது குற்றம். கூரை வேலைக்குமுன் ஆய்வு வேண்டும், மாலை நேரத்தில் வெளியே பறப்பதை எண்ணும் ஆய்வு மே முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும். அக்டோபரில் வீடு வாங்கியவர் அடுத்த கோடை வரை கூரை ஓடுகளை மாற்ற முடியாமல் உட்கார்ந்திருப்பது இப்படித்தான். மற்றது, உத்திரத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவில் வட்ட ஓட்டைகள்: டெத்வாட்ச் வண்டு. வசந்த காலத்தில் இணை தேடி மரத்தில் தலையை மோதும் சத்தம் இரவில் கேட்கும். ஓட்டை பழையதாக இருந்தால் கவலை குறைவு. ஓட்டைக்குக் கீழே புதிதாக மாவு கொட்டியிருந்தால் எங்கோ மரம் ஈரமாக இருக்கிறது என்று பொருள். மருந்தைவிட முதலில் ஈரத்தை நிறுத்த வேண்டும்.

ஈரம்தான் இந்த வீடுகளின் தீராத வழக்கு. அதில் பாதி, 20-ஆம் நூற்றாண்டு செய்த கைங்கரியம். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. டெவனில் மண்ணும் வைக்கோலும் மிதித்துக் கட்டிய காப் சுவர் இப்படி உள்ளுக்குள் ஊறி ஒருநாள் பொதபொதவென்று சரியும். மரவீட்டில் சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் ஓக் மரச் சட்டத்தின் அடிப்பாகம் உளுத்துப்போகும். வெளிச்சுவரின் முழங்கால் உயரத்துக்குக் கீழே தட்டிப் பார்த்து, வெற்றோசை கேட்கிறதா என்று கவனித்தால் பாதி விடை கிடைக்கும். மின்சார ஈரமானி வைத்துச் சுவரைக் குத்தி அளந்து, உடனே ரசாயன ஊசி போட வேண்டும் என்று சொல்பவர் பெரும்பாலும் அந்த ஊசியை விற்பவராகவும் இருப்பார். அந்தக் கருவி மரத்துக்காகச் செய்தது. பழைய கற்சுவரில் உப்பு இருந்தாலே முள் எகிறும்.

இங்கே வில்லியம் மோரிஸ் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் கெல்ம்ஸ்காட் என்ற சுண்ணாம்புக்கல் பண்ணை வீட்டை 1871-இல் வாடகைக்கு எடுத்தவர் அவர். 1877-இல், பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறேன் என்று சுரண்டிச் சிதைப்பதை எதிர்த்து ஒரு பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. பழைய வீட்டுக்காரர்களுக்குச் சுண்ணாம்பு வேலை சொல்லித்தரும் வகுப்புகள் நடத்துகிறது. வீடு வாங்குமுன் ஒரு வகுப்புக்குப் போய்வந்தவர் மேஸ்திரியிடம் ஏமாறமாட்டார்.

கூரை வைக்கோலாக இருந்தால் அதன் வயதைக் கேட்க வேண்டும். நீர்நாணல் நல்ல கையில் 25 வருஷத்துக்குக் குறையாமல் தாங்கும், நீள்வைக்கோல் அதற்கும் குறைவு. முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இன்சூரன்ஸ் தனி ரகம், புகைபோக்கி சுத்தம் செய்த ரசீது கேட்பார்கள். எலிக்குச் சான்றிதழ் யாரும் தரமாட்டார்கள். பியட்ரிக்ஸ் பாட்டர் 1905-இல் லேக் டிஸ்ட்ரிக்டில் ஹில் டாப் பண்ணையை வாங்கியபோது வீடெல்லாம் எலி. அவர் அதையும் வீணாக்கவில்லை. 1908-இல் அந்த வீட்டையே களமாக்கி, எலித் தம்பதி பூனைக்குட்டியை மாவில் சுருட்டும் கதையாக வெளியிட்டுவிட்டார்.

சர்வே எடுக்கும்போது மூன்றாம் நிலை ஆய்வையே கேட்க வேண்டும். அடமானத்துக்காக வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. 1919-க்கு முந்தைய கட்டடங்களில் பழகிய சர்வேயரா என்று முன்கூட்டியே விசாரிப்பது அவசியம். பழகாதவர் எல்லாவற்றுக்கும் மேற்கொண்டு நிபுணரை அணுகவும் என்று எழுதி, பக்கத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவார்.

பட்டியலில் உள்ள வீடு

1700-க்கு முன்பு கட்டி, ஓரளவு பழைய வடிவத்தில் நிற்கும் வீடு அநேகமாக லிஸ்டட் கட்டடம்தான். தேசியப் பட்டியலில் கட்டடப் பதிவுகள் லட்சக்கணக்கில் உள்ளன. பத்தில் ஒன்பதுக்கு மேல் இரண்டாம் தரம். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து தளத்தில் எவரும் பார்க்கலாம். பலர் நினைப்பதுபோல் முகப்புக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. உள்ளே படிக்கட்டு, கதவு, கணப்பு, பூச்சு எல்லாம் அடக்கம். வீட்டு வளாகத்தில் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்து நிற்கும் மதில், கொட்டகை, பன்றிப்பட்டிகூடச் சேரும்.

அனுமதியில்லாமல் கைவைப்பது கிரிமினல் குற்றம், சிறைத் தண்டனை இரண்டு வருஷம் வரை. அதைவிட வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேறு: நடவடிக்கைக்குக் காலக்கெடு கிடையாது. 1990-களில் முந்தைய உரிமையாளர் ஓக் ஜன்னலை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டியிருந்தால், திருப்பி மாற்றச் சொல்லும் நோட்டீஸ் இன்றைய உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். எனவே வீட்டைச் சுற்றிவரும்போது புதிதாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் அனுமதித் தாள் எங்கே என்று கேட்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. வரைபடம் போட்டுத்தரும் கட்டடக் கலைஞருக்குத்தான் கட்டணம். அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு முன்பு வாட் விலக்கு இருந்தது. 2012 அக்டோபரோடு அதுவும் போயிற்று.

பணமும் கையெழுத்தும்

2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, 10 லட்சம் பவுண்டு வீட்டுக்கு முத்திரை வரி 43,750 பவுண்டு. ஏற்கெனவே வேறு வீடு வைத்துக்கொண்டு இதையும் வாங்கினால் மொத்த விலையில் 5 சதவீதம் கூடும். குடியிருப்பும் வியாபாரமும் கலந்த சொத்தாக இருந்தால் அதே விலைக்கு 39,500. 15 லட்சம் என்றால் வித்தியாசம் பெரிது, 93,750-க்குப் பதில் 64,500. இதைக் காட்டி, வயல் இருக்கிறதே, வரியைக் குறைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். மூன்றரை ஏக்கர், பழைய கொட்டகை, புல்வெளி, குறுக்கே குதிரைப் பாதை கொண்ட ஒரு பண்ணை வீட்டை வாங்கியவர்கள் இப்படி வாதாடி 2022-இல் அப்பீல் கோர்ட்டில் தோற்றார்கள். வீட்டுக்குத் துணையாக இருக்கும் நிலம் வீட்டோடு சேர்ந்ததே. வயல் உண்மையிலேயே ஒரு விவசாயிக்குக் குத்தகையில் இருந்தால் கதை வேறு.

விலை பேசி ஒப்புக்கொண்டதும் காரியம் முடிந்ததாக நினைப்பது ஆபத்து. இங்கிலாந்தில் ஒப்பந்தம் பரிமாறி, வழக்கமாகப் பத்துச் சதவீதம் முன்பணம் கட்டும்வரை இரு தரப்பும் எந்த நிமிஷமும் விலகலாம். இன்னொருவர் கூடக் கொடுத்தால் விற்பவர் அங்கே சாய்வதும் நடக்கும். அந்த இடைவெளியிலேயே சர்வே, டேங்க், நடைபாதை, ஜன்னல் எல்லாவற்றையும் விலையாக மாற்றிக் கேட்டுவிட வேண்டும்.

விற்பவர் நிரப்பித்தரும் சாமான் பட்டியலில் திரைச்சீலைக்கும் அடுப்புக்கும் கீழே தோட்டத்துக்கு ஒரு பகுதி இருக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. தரையில் வேரோடியது நிலத்தோடு சேரும், தொட்டியில் இருப்பது விற்பவரோடு போகும். ஆனால் நாற்பது வருஷம் வளர்த்த பியோனியைத் தோண்டி எடுத்துப்போக விரும்புபவர் பட்டியலில் எழுதினால் அது செல்லும். சூரியக் கடிகாரம், கல் தொட்டி, சிலை ஆகியவை யாருக்கு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். விற்றுக் காசாக்கலாம் என்ற எண்ணத்தோடு அவற்றை வாங்குபவருக்கும் ஒரு சேதி. வார்விக்ஷயரில் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் நின்ற 18-ஆம் நூற்றாண்டு ஈயச் சாடிகள் இரண்டை அதன் உரிமையாளர் 2009-இல் 55,000 பவுண்டுக்கு ஏலத்தில் விற்றார். சாடிகளும் பட்டியலில் பதிவானவை என்பது அவருக்குத் தெரியாது. அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கச் சொல்லி 2016-இல் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பியது. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே சாடி கட்டடமாகிவிடாது, அது கட்டடமா இல்லையா என்று மறுபடி விசாரியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது வருஷம் 2020.